புளியந்தீவில் கோபி பிரையன்ட் கணக்கு

கொழும்புக் கோட்டையில் காலையில் ரெயில் ஏறினால் மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று வந்து மட்டக்களப்பில் இறங்கப் பகல் முழுக்கப் போய்விடும். நிலையத்திலிருந்து புளியந்தீவுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரந்தான். கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போவது நல்லது. அதற்கு முன் சீமெந்துத் தரை சுடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்றுப் பந்தை இழுத்துக்கொண்டு போய்விடும். கார்த்திகை, மார்கழியில் மழை. மாசி, பங்குனியில் வந்தால் ஆட்டமும் கிடைக்கும், ஆட்டத்துக்குப் பிறகு பிளேன்டீயோடு வாக்குவாதமும் கிடைக்கும். பாடசாலை வளவுக்குள் போவதென்றால் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இங்கே இந்த விளையாட்டு வேரூன்றியதில் புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க யேசு சபைத் துறவிகளுக்குப் பெரிய பங்குண்டு. வெபர் அடிகளாரின் பெயரில் விளையாட்டரங்கு இருக்கிறது. லூசியானாவில் பிறந்து இங்கே கூடைப்பந்து பழக்கிய ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அப்படியொரு ஊரில், லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய அமெரிக்க வீரர் கோபி பிரையன்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வெறும் கைதட்டலோடு முடியாது.

"ஒள்ளுப்பம் பொறு மச்சான், 81ஐச் சொன்னா மறுகா அந்த ஏழாவது மெட்சையும் சொல்லு." 81 என்பது ஒரே ஆட்டத்தில் கோபி எடுத்த புள்ளி; ஏழாவது மெட்ச் என்பது 2010 இறுதித் தொடரில் அவருடைய எறிகைகள் பெரும்பாலும் தவறிய ஆட்டம். வாதம் சூடேறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. வீரர் எடுத்த புள்ளியை எழுதுங்கள். எறிந்த எறிகைகளோடு, தண்ட எறிகைகளை (எதிரணி தவறிழைத்தால் யாரும் மறிக்காமல் எறியக் கிடைப்பவை) 0.44ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வந்ததை இரட்டித்து, அதால் புள்ளியை வகுங்கள். விடை கூடக் கூட நல்லது. ஏன் பாதியாக இல்லாமல் 0.44? தண்ட எறிகை எப்போதும் இரண்டிரண்டாக வருவதில்லை. கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை எறிகையும் மூன்று புள்ளி எறிகையில் அடிபட்டுக் கிடைக்கும் மூன்றும் அதில் சேரும். பாதியென்று போட்டால் அடிபட்டு அடிபட்டு விளையாடுகிறவனுக்கு அநியாயம்.

2006 ஜனவரி 22, டொரொன்டோவுக்கு எதிராக 81 புள்ளி: 46 எறிகையில் 28 விழுந்தது, தண்ட எறிகை 20இல் 18. கணக்கு 0.739. 2016 ஏப்ரல் 13, யூட்டாவுடன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி: 50 எறிகையில் 22, தண்ட எறிகை 12இல் 10. கணக்கு 0.543. வகுக்கும் எண் முதலாவதில் 109.6, இரண்டாவதில் 110.6. செலவழித்த வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே, வரவில் 21 புள்ளி வித்தியாசம். அறுபதையும் எண்பத்தொன்றையும் ஒரே மூச்சில் புகழ்கிறவர்களிடம் இந்த இரண்டு வரியை எழுதிக் காட்டினால் போதும். முதலாவது ஆட்டத்தில் அணி இடைவேளையில் 14 புள்ளி பின்னால் நின்றது, இரண்டாம் பாதியில் மட்டும் அவர் 55 எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி 2010 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பொஸ்டனுக்கு எதிராக 24இல் 6, தண்ட எறிகை 15இல் 11, மொத்தம் 23. கணக்கு 0.376. லேக்கர்ஸ் 83-79 என்று வென்றது. இந்தக் கணக்கு ஏமாற்றுவதும் இங்கேதான். தவறிய எறிகையின் பந்தை மீட்டதை அது எண்ணாது. அன்று அவர் 15 பந்து மீட்டார். தவறிய எறிகைகளை எதிராளியின் வளையத்தடியிலேயே அணி 23 தடவை திரும்பப் பிடித்தது. எறிகை தவறினாலும் வாய்ப்பு அடிக்கடி மிஞ்சியது. எண்ணை மட்டும் பார்த்து அவரைக் கழித்துவிடுகிறவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைய வெற்றியை அவர் தலையில் மட்டும் கட்டுவதும் சரியில்லை. சக வீரர் ரொன் ஆர்டெஸ்டின் 20 புள்ளி இல்லாமல் அது இல்லை.

தூரத்தையும் திடலிலேயே அளந்து பார்க்கலாம். நம் திடல்களில் மூன்று புள்ளிக் கோடு வளையத்தின் நடுவுக்கு நேர்கீழிருந்து 6.75 மீற்றர். கோபி ஆடிய அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் நேர்முன்னே 7.24. கோட்டிலிருந்து அரை மீற்றர் பின்னால் போய் நின்று எறிந்தால் அது எவ்வளவு கடினம் என்று தோளுக்குத் தெரியும். பந்து கிட்டத்தட்ட எப்போதும் குறையாகத்தான் விழும், ஏனென்றால் கூடுதல் தூரத்துக்குக் கையால் தள்ளப் பார்க்கிறோம். முழங்காலை இன்னும் மடக்கி, கால் பலத்தால் எழும்ப வேண்டும்.

என்.பி.ஏ.யில் அவருக்கு முன் ஆடிய மைக்கல் ஜோர்டானுக்கு மேலே கோபியை வைக்க முடியாது. ஆறு கிண்ணம், ஐந்து தடவை சிறந்த வீரர் விருது, பத்து தடவை அதிகப் புள்ளி சராசரி என்பது ஜோர்டான். ஐந்து கிண்ணம், ஒரே ஒரு தடவை, 2008இல், அந்த விருது என்பது கோபி. அவருக்குப் பின் வந்த லெப்ரோன் ஜேம்ஸோடு ஒப்பிட்டால் வாதம் நீளும். அதற்குத் தனி இரவு வேண்டும். இன்னொன்றையும் ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது: 2003இல் கொலராடோவில் அவர்மேல் வந்த பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. முறைப்பாட்டாளர் சாட்சி சொல்ல முன்வராததால் 2004இல் குற்றவியல் வழக்குக் கைவிடப்பட்டது, சிவில் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அவரை ஒரு சிறுவனுக்கு முன்மாதிரியாகக் காட்டும் பயிற்றுநர், எறிகைப் பழக்கத்தைக் காட்டும்போது எதைக் காட்டுகிறோம், எதைக் காட்டவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

காட்டத் தகுந்தது 2013 ஏப்ரல் 12. குதிகால் தசைநார் அறுந்த பிறகு கோட்டுக்குப் போய் இரண்டு தண்ட எறிகையையும் போட்டார். அந்த எறிகைகளில் கால் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது, மணிக்கட்டு எவ்வளவு ஒரே மாதிரி முடிகிறது என்று பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.