ஆட்டுப்பால்: காய்ச்சினாலும் போகாதவை

ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால் சளிக்கும் இளைப்புக்கும் நல்லது என்று மதுரைப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து குடிக்காதீர்கள். குட்டி வீசிய (கரு கலைந்த) ஆட்டின் பாலில் புருசெல்லா கிருமி இருக்கலாம். பார்வைக்கு ஆடு நன்றாகவே இருக்கும். மனிதருக்குத் தொற்றினால் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்கினால் கிருமி செத்துவிடும். வீட்டில் பொங்கக் காய்ச்சினாலே போதும்.

காய்ச்சினாலும் போகாதவை வேறு. அவற்றைப் பண்ணையில்தான் தடுக்க முடியும்.

முக்கியமானது மடிநோய். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி சூட்டில் சாகும். ஆனால் பால் ஆறாமல் நின்ற நேரத்தில் அது விட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. அதனால் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரியோ ரத்தமோ தண்ணீர்ப்பாலோ தெரிந்தால் அந்த ஆட்டைக் கடைசியாகக் கறந்து, பாலைக் கொட்டிவிடுங்கள். வெளியே தெரியாத மடிநோய்க்குக் கலிஃபோர்னியா சோதனைக் கரைசல் உண்டு. இரு காம்புப் பாலையும் தனித்தனிக் குழியில் எடுத்து, சம அளவு கரைசல் விட்டுச் சுழற்ற வேண்டும். மடிநோய் இருந்தால் கலவை கெட்டிப்படும். பால் வற்றும் காலத்தில் ஆட்டுக்கு லேசாகக் கெட்டிப்படுவது இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் கொழகொழத்தால் சந்தேகப்படுங்கள்.

கட்டைவிரலை மடக்கிக் கறப்பது காம்பைப் புண்ணாக்கும். முழுக்கையால் கறக்க வேண்டும். மடியைக் கழுவியதும் ஆட்டுக்கொரு துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் சொட்டினால் அழுக்கும் பாலில்தான் விழும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் வைத்து அரைமணி நேரம் நிற்க விடுங்கள். காம்புத் துளை மூடுவதற்குள் படுத்தால் கிருமி ஏறிவிடும்.

மடிநோய்க்கு ஒரு காம்புக்குள் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் இரு பக்கப் பாலையும் விற்கக் கூடாது. பாலை விற்கக் கூடாது என்று மருந்துக் குழாயில் அச்சிட்ட நாள் கணக்கு பெரும்பாலும் மாட்டுக்கானது. ஆட்டுக்கு எத்தனை நாள் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தது கடலைப் புண்ணாக்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததைத் தின்றால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு பாலில் இறங்கும். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் சட்ட வரம்பு. மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் வையுங்கள்.

கவுச்சி வாடைக்குப் பெட்டையைக் குறை சொல்ல வேண்டாம். கிடாவைக் கறவை இடத்திலிருந்து தள்ளிக் கட்டினாலே பெரும்பகுதி போய்விடும். மீதி, தாமதத்தால் வருவது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வெயிலில் வரும் கேனைக் கிளம்புமுன்பே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிண்டி, 4 டிகிரிக்கு இறக்குங்கள். எவர்சில்வர் கேன்தான் சரி. பிளாஸ்டிக்கின் கீறல்களில் பழைய பால் தங்கும். கழுவும்போது முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சலவைச் சோடா, கடைசியில் கொதிநீர். முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் பால்புரதம் ஒட்டிப் பிடித்துவிடும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கவே கூடாது. ரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் சத்து இதில் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கும் இது மாற்றல்ல; இரண்டின் புரதங்களும் அவ்வளவு ஒத்தவை.