தலைக்கு ஒரு கூடை, ஓட்டுக்கு ஒரு கூடை

ஒரு கிலோ இறாலை உரித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய அரைக் கிலோ சதை. மற்றதெல்லாம் தலையும் ஓடும். தூத்துக்குடியில் நாங்கள் நடத்தும் சிறிய உரிப்புக் கூடத்தில், முன்பெல்லாம் கோழித் தீவனத்துக்கு எடுப்பவர் வந்தால் அவரிடம் கொடுப்போம். வராத நாளில் வண்டிக்கூலி கொடுத்து அப்புறப்படுத்துவோம். அந்தக் கழிவிலிருந்து எடுக்கக் கூடியதையெல்லாம் எடுக்கும் நிலைக்கு இப்போது ஓரளவு வந்திருக்கிறோம். இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தலையையும் ஓட்டையும் ஒரே பொருளாக நினைக்கக் கூடாது. தலைக்குள் செரிமானச் சுரப்பி இருக்கிறது. இறால் செத்ததும் அதிலுள்ள நொதிகள் சுற்றியிருக்கும் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். காலையில் நிறைத்த தலைக் கூடை மதியத்துக்குள் கறுத்து, நீர் விட்டு, நாற்றம் எடுப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உடல் ஓடு அவ்வளவு விரைவில் கெடாது. ஓட்டுக்கு உறுதி தரும் நார் போன்ற பொருளான கைட்டின் ஓட்டில் அதிகம். தலையில் புரதமும், இறாலை வேகவைத்தால் சிவப்பாகத் தெரியும் அஸ்டாசாந்தின் நிறமியும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தலையின் அழுகல் ஓட்டையும் கெடுத்துவிடும். அதனால் தலைக்கு ஒரு கூடை, ஓட்டுக்கு ஒரு கூடை.

சொல்வது எளிது. உரிக்கும் பெண்களுக்குக் கூலி சதையின் எடைக்குத்தான். கூடை பார்த்துப் போடச் சொன்னால் அவர்கள் கை தாமதப்படும், வருமானம் குறையும். "பிரித்துப் போடுங்கள் அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. தலை கிள்ளுவதற்கு மேசையைத் தனியே போட்டோம்; பிரித்துப் போட்ட கூடைக்குத் தனிக் கூலி வைத்தோம். அன்று முதல் யாரும் சொல்லாமலே பிரிந்து வந்தது. தலைக் கூடைக்கும் இறாலுக்குப் போடுவது போலவே ஐஸ் போட வேண்டும். ஐஸ் செலவைக் கணக்குப் பார்ப்பவர் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் கற்றுக்கொண்டது ஓட்டிலிருந்து கைட்டின் எடுப்பதை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான முறையை வகுத்துப் பரப்பியிருக்கிறது. நீர்த்த காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தால் புரதம் போகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். அமிலத் தொட்டியில் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குபுகுபுவென்று நுரைத்துத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும். நுரை அடங்கியதும் ஓர் ஓட்டை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்ப்போம். நெறுநெறுப்பு இல்லாமல், நனைந்த காகிதம் போலத் துவண்டால் சுண்ணாம்பு போய்விட்டது என்று பொருள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அந்தத் தொட்டியின் பக்கம் விடுவதில்லை.

காய்ந்த ஓட்டில் கைட்டின் 20 முதல் 30 சதவீதம்தான். மீதி புரதமும், சுண்ணாம்பு என்று சொன்ன கால்சியம் கார்பனேட்டும். அதாவது இந்த முறையில் எடுப்பதைவிடக் கரைத்து வெளியேற்றுவதே அதிகம். கழிவைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு புதிய கழிவுநீரை உண்டாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் தலைக்கு வேறு வழி தேடினோம்.

அந்த வழி புளிக்கவைத்தல். தலைகளை அரைத்து, 10 கிலோவுக்கு ஒரு கிலோ அளவில் மட்ட ரக வெல்லம் கரைத்து ஊற்றி, புளித்த மோர் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் அடைக்கிறோம். மோரில் உள்ள நுண்ணுயிரிகள் வெல்லத்தைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் அழுகலைத் தடுக்கும். தலையின் சொந்த நொதிகள் புரதத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். தலை ஓட்டிலும் சுண்ணாம்பு உண்டு. அது வருகிற அமிலத்தையெல்லாம் விழுங்கும். ஆகவே வெல்லத்தைக் குறைத்தால் அமிலம் தோற்றுவிடும், டிரம் அழுகிவிடும். இரண்டு மூன்று நாட்களுக்குள் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்க வேண்டும். தினமும் பிஎச் தாளை நனைத்துப் பார்ப்போம். மூடியைத் திறக்கும்போது அம்மோனியா வாடை அடிக்காமல் புளித்த வாடை வந்தால் நிம்மதி. ஐஸ் போடாமல் நின்ற தலை ஏற்கெனவே அம்மோனியா ஏறியிருப்பதால் எவ்வளவு வெல்லம் போட்டாலும் தேறாது.

வடிகட்டினால் புரதம் கரைந்த செந்நிற நீர் ஒரு பக்கம், கைட்டின் நிறைந்த சக்கை ஒரு பக்கம். அந்தச் சக்கையைச் சுத்தமாக்கக் காஸ்டிக்கும் அமிலமும் மிகக் குறைவாகவே போதும். நீரை வாழைக்கும் காய்கறிக்கும் நன்றாகத் தண்ணீர் கலந்து விடச் சொல்லிக் கொடுக்கிறோம். உப்பு இருப்பதால் அப்படியே ஊற்றக் கூடாது. மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலம் பழகிய விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நன்கு உலர்த்திய தலைப் பொடிக்கு வண்ணமீன் வளர்ப்பவர்களிடம் கேட்பு உண்டு. அஸ்டாசாந்தின் போன்ற நிறமிகளை மீன்கள் தாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. தீவனத்திலிருந்துதான் பெற வேண்டும்.

உலர்த்துவதைத் தரையில் செய்யாதீர்கள். கைட்டின் வாங்குபவர் கொஞ்சம் எரித்துச் சாம்பலை எடை போட்டுத்தான் விலை பேசுவார். ஒட்டிய மணலெல்லாம் சாம்பல் கணக்கில் ஏறி விலையைக் குறைக்கும். உயரமான பரணில் வலை விரித்து, காக்கை வராமலிருக்க மேலே இன்னொரு வலை கட்டுகிறோம்.

கைட்டினை மேலும் பக்குவப்படுத்தி எடுக்கும் கைட்டோசான் வரை நாங்கள் போகவில்லை. அதற்கு 40, 50 சதவீதக் காஸ்டிக்கைச் சூடாக்கிப் புழங்க வேண்டும். சுத்திகரிப்பு வசதியும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் உள்ள பெரிய ஆலைக்கே அது பொருந்தும். அவர்களுக்குக் கைட்டினாக விற்றுவிடுகிறோம். ஓட்டுத் தொட்டியின் அமில நீரைக் காஸ்டிக் நீரோடு கலந்து சமன் செய்த பிறகே வெளியேற்றுகிறோம் என்றாலும், அதில் கரைந்த கால்சியம் இன்னும் வீணாகத்தான் போகிறது. அதைப் படியவைத்து எடுக்கும் வேலையை அடுத்து எடுத்திருக்கிறோம்.