விலைப்பட்டியலுக்குள் நுழைந்த பெருச்சாளி

எங்கள் மாமா இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச்சாவி தொங்கும். பிரஸ் ஷட்டர், பேப்பர் குடோன், பீரோ, டிவிஎஸ் வண்டி, எந்தக் காலத்திலோ விற்றுவிட்ட டிரெடில் மிஷின் கிடந்த அறையின் பூட்டு என்று 17 சாவிகள். பதினெட்டாவதாக ஒரு பென் டிரைவ். 16 ஜிபி. மூடி தொலைந்துபோய், அந்த இடத்தில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். சிவகாசியில் 30 வருடமாகக் காலண்டர் அடிக்கிற ஆப்செட் பிரஸ் நடத்துகிறவரின் முருகன், லட்சுமி, மேரி மாதா, மெக்கா, குழந்தைப் படங்கள், குத்துவிளக்குகள் எல்லாம் அந்த ரப்பர் பேண்டுக்குள் அடக்கம்.

மதுரைக்கு ஒரு டிசைன் போகவேண்டுமென்றால் மாமா அதைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு, மேலே பார்ட்டியின் போன் நம்பரை எழுதி, பஸ் கண்டக்டர் கையில் 50 ரூபாயோடு கொடுத்துவிடுவார். இரண்டு மணி நேரத்தில் பார்ட்டி வந்து வாங்கிக்கொள்வார். எந்த இன்டர்நெட்டும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்ட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வர லேட்டாகி, கண்டக்டர் டூட்டி மாறி, முருகனும் மேரி மாதாவும் மூன்று நாள் டிப்போவில் படுத்திருந்தார்கள்.

ஃபைல்களை இன்டர்நெட்டிலேயே போட்டுவைக்கிற டிராப்பாக்ஸ் பிறந்ததும் ஒரு பஸ்ஸில்தான். பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த டிரூ ஹூஸ்டன், பென் டிரைவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த எரிச்சலில் அங்கேயே புரோகிராம் எழுத ஆரம்பித்தாராம். 2007ல் கம்பெனியே தொடங்கிவிட்டார். எங்கள் மாமாவுக்கும் அதே மாதிரி ஒரு பஸ், அதே மாதிரி ஒரு பென் டிரைவ். அவர் செய்தது, எனக்குப் போன் போட்டதுதான்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இதுக்கு ஒரு வழி பண்ணு."

சென்னையில் ஐடி வேலை பார்த்துவிட்டு, லாக்டவுனில் ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். அன்றிலிருந்து பிரஸ்ஸில் எதற்கு ஒயர் இருந்தாலும் அது என் டிபார்ட்மென்ட். இன்வெர்ட்டர், பில்லிங் பிரிண்டர், ஒரு தடவை மிக்ஸி. அந்த வரிசையில் டிராப்பாக்ஸ் மாதிரியே இருக்கிற கூகுள் டிரைவும் சேர்ந்தது. (இந்த மாதிரி வைப்பதற்குக் கிளவுடு என்று பெயர். கிளவுடு என்றால் மேகம்தானே, மழை பெய்தால் ஃபைல் நனையாதா என்ற ஜோக்கை எங்கள் ஆடிட்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆகவே இங்கே வேண்டாம்.)

நியாயமாகப் பார்த்தால் டிரைவ் எங்களுக்கு நிறைய நல்லது செய்தது. அதுவரை டிசைனர் அக்காவின் கம்ப்யூட்டரில் ஃபைல் பெயர்கள் இப்படித்தான் இருக்கும்: பைனல், பைனல் 2, பைனல் பைனல், இதுதான் பைனல், அண்ணாச்சி ஓகே, அண்ணாச்சி ஓகே புதுசு. ஒரு வருடம் 'பைனல் பைனல்' என்று நம்பிப் பிளேட் போட அனுப்பிய ஃபைலில் திங்கட்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 என்று இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமையின் ராகு காலம். திங்களுக்கு 7.30 முதல் 9. பிளேட் எடுக்கிற பையன் தற்செயலாகப் பார்த்துச் சொல்லாவிட்டால் நாலைந்து மாவட்டங்களில் திங்கள் காலையில் ஒருத்தரும் கூசாமல் நல்ல காரியம் தொடங்கியிருப்பார்கள். டிரைவில் ஒரே ஃபைல், பழைய பதிப்புகள் உள்ளேயே. அக்காவே ஒப்புக்கொண்டார்.

வாடிக்கையாளர்களிடம்தான் மல்லுக்கட்டு. 15க்கு 20 இஞ்ச் காலண்டருக்குப் படம் கேட்டால் வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்புவார்கள். வாட்ஸப் அதைப் பிழிந்து சக்கையாக்கிக் கொடுக்கும். பெரிதாக்கினால் முருகன் கையிலிருக்கும் வேல், பழனி படிக்கட்டு மாதிரி தெரியும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க சார், இல்ல இந்த லிங்க்ல ஏத்துங்க" என்றால், "இது போட்டோங்க, டாக்குமென்ட் எல்லாம் எங்கிட்ட இல்ல" என்பார் ஒருவர். இன்னொருவர் பத்திரம் ஆபீஸ் டாக்குமென்ட்டையே அனுப்பிவைத்தார். அவருடைய நாலு சென்ட் இடம் திருத்தங்கல் ரோட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு என்றால் அடுத்த வருடத்துக் காலண்டர் டிசைன்களைக் கோத்த ஆல்பம் பூஜை போட்டு வெளிவருகிற நாள். ஊருக்கெல்லாம் வருஷம் ஜனவரியில் பிறக்கும், எங்களுக்கு ஆடி 18ல். அதற்கு முந்தைய ஒரு மாதம் மாமா யாரிடமும் மனிதராகப் பேச மாட்டார். அந்த வருடம் வேறு, ஜூலை பாதி ஆகியும் மெயிலில் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

"இந்த வருஷம் ரொம்ப டல் மாப்ள" என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். ஆடி 18க்கு ஒரு ஜோடி வளையல் என்று அத்தை சித்திரையிலிருந்தே சொல்லிவைத்திருந்தார். "பேப்பர் விலை பாரு, ஆர்டர் பாரு, இந்த வருஷம் வேண்டாம்" என்று மாமா முடித்துவிட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்துத்தான், "உங்க மெயில் திரும்பித் திரும்பி வருதே" என்று பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தேன். இலவசமாகக் கொடுக்கிற 15 ஜிபி இடம் டிரைவுக்கு மட்டுமல்ல. ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குடம். குடம் நிரம்பினால் மெயிலும் உள்ளே வராது. மாமாவின் போனும் பிரஸ் மெயில் ஐடியில்தான் ஓடுகிறது. 15ல் 9 ஜிபி, தாமரைப்பூவுக்குள் 'இனிய காலை வணக்கம்' படங்களும், பேரன் மொட்டை போட்டபோது எடுத்த வீடியோக்களும். அதில் ஒன்று 40 நிமிடம். குழந்தை 38 நிமிடம் அழுகிறது.

"சிவப்பா ஒரு எழுத்து வந்துச்சே மாமா, பாக்கலியா?"

"வந்துச்சு. விளம்பரம்னு நெனச்சு மூடிக்கிட்டே இருந்தேன்."

காசு கட்டி 100 ஜிபி வாங்கினோம். திரும்பிப்போன பார்ட்டிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொன்னோம். ஒரே வாரத்தில் அட்வான்ஸாகக் கொட்டியது. டல் எல்லாம் போச்சு. ஆனால் அது வீட்டுக்குச் சொல்லப்படவில்லை.

பார்ட்டிகளின் பெயர், ரேட், எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஷீட் போட்டு, 'ஆல்பம்' என்ற ஃபோல்டரிலேயே வைத்திருந்தார் மாமா. "எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்" என்பது அவர் கொள்கை. அந்தப் ஃபோல்டரைத்தான், ஏஜென்ட்கள் டிசைன்களைப் பார்க்கட்டும் என்று, 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்பதைத் தட்டி, அதிலும் யாரும் திருத்தலாம் என்கிற 'எடிட்டர்' என்று தட்டி, வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். ஃபோல்டரைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் திறந்துவிடும். தெருக்கேட்டைத் திறந்ததும் பீரோவும் தானாகத் திறந்துகொள்கிற வீடு மாதிரி. 17 சாவியை இடுப்பிலிருந்து இறக்காத மனுஷன் செய்த காரியம் இது.

அடுத்த நாள் ராத்திரி 10 மணிக்குப் போன்.

"மாப்ள, கம்ப்யூட்டர்ல ஏதோ மிருகம் வந்திருக்கு."

"வைரஸா மாமா?"

"இல்லடா, மிருகம். மேல மூலையில ஒரு வட்டம். மூக்கு நீளமா இருக்கு."

ஓடினேன். ஷீட்டின் மேல் மூலையில் 'அனானிமஸ் ஆன்ட்ஈட்டர்' உட்கார்ந்திருந்தது. எறும்புதின்னி. லிங்க் வழியாக வருகிற முகம் தெரியாத ஆள்களுக்கு கூகுள் இப்படி ஏதாவதொரு மிருகப் பெயர் வைத்துவிடும். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. கேபிபாரா.

"இது என்ன?"

"எலி இனத்துலயே பெருசு மாமா."

"பெருச்சாளி" என்றார் மாமா. அன்றிலிருந்து எது வந்தாலும் அவருக்குப் பெருச்சாளிதான்.

காலையில் கும்பகோணம் ஏஜென்ட் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, திண்டுக்கல்காரருக்கு 38, எனக்கு 41ஆ? அவரு காலண்டர்ல என்ன, மூணு நாள் கம்மியா இருக்கா?"

"அது போன வருஷ ரேட்டு அண்ணாச்சி" என்றார் மாமா. ஷீட்டின் தலையில் இந்த வருடம் கொட்டை எழுத்தில் இருந்தது.

மதியத்துக்குள் ஆறு போன். சாயங்காலம் பார்த்தால் கும்பகோணத்தின் 41, 36 ஆகியிருக்கிறது. கேட்டதற்கு, "நான் தொடவே இல்ல அண்ணாச்சி, ஸ்க்ரோல் பண்றப்ப விரல் பட்டிருக்கும்" என்றார். விரல் பட்டு மூன்றும் ஆறும் அவ்வளவு அளவாக விழுவதற்குப் புண்ணியம் செய்திருக்க வேண்டும். வெர்ஷன் ஹிஸ்டரியில் போய் முந்தின நாள் பதிப்பை எடுத்து, இரண்டே நிமிடத்தில் 41ஐத் திரும்ப நிறுத்தினேன். மாமா அதை அசந்துபோய்ப் பார்த்தார். "அப்ப எதையும் பழையபடி ஆக்கிரலாமா?" என்றார்.

"ஆக்கலாம் மாமா. இப்ப லிங்கை மூடிருவோம்."

"மூடாத. அந்தப் பெருச்சாளி யாருன்னு தெரியணும்."

அடுத்த நாலைந்து நாளில் அவர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். ஏஜென்ட்கள் எந்நேரமும் வந்துபோகிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் சரியாக 9.30க்கு வருகிறது. ஒருநாள் கேபிபாரா, ஒருநாள் வாம்பட், ஒருநாள் ஏதோ குரங்கு. பெயர்தான் மாறுகிறது, நேரம் மாறவில்லை. அது ரேட்டைத் தொடுவதேயில்லை. நேராக அட்வான்ஸ் எழுதியிருக்கிற வரிசைக்குப் போய், கடைசியில் கூட்டுத்தொகை இருக்கிற கட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அது நிற்கிற கட்டத்தைச் சுற்றி ஊதா நிறச் சதுரம். அசையாது.

"இன்கம்டாக்ஸ்" என்று ரகசியமாகச் சொன்னார் மாமா. அவர் முகம் வெளுத்திருந்தது.

"அவங்க ஏன் மாமா ராத்திரி ஒம்பதரைக்கு வரப்போறாங்க?"

"அப்ப எதுத்த பிரஸ்காரன். விடக்கூடாது. பூட்டிட்டா திருடன் எப்படி மாட்டுவான்?"

அன்றைக்கு மாமா வீட்டு ஹாலில் லேப்டாப்போடு காவல் இருந்தோம். அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெருச்சாளி மட்டும் கையில சிக்கட்டும்" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். 9.30க்கு சீரியல் முடிந்தது. அத்தை போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இட்லி குண்டான் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

மூலையில் வட்டம் முளைத்தது. ஊதாச் சதுரம் நேராக அட்வான்ஸ் கூட்டுத்தொகைக்கு வந்து நின்றது.

மாமா என்னைத் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால், பக்கத்துக் கட்டத்தில் அடித்தார்: யார் நீ?

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சதுரம் ஒரு கட்டம் கீழே இறங்கியது. எழுத்து வந்தது: இட்லி ஆறுது.

மாமா திரையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்து, அன்றைக்கு லிங்கை யார் யாருக்கு அனுப்பினோம் என்று தேடினார். 'ஏஜென்ட்ஸ் 2' குரூப். அதற்கு மேலே, முதல் ஆளாக, 'நம்ம குடும்பம்'. அத்தை, இரண்டு மகள்கள், மருமகன்கள், நான், மொட்டை போட்ட பேரனின் டேப்லெட். என் போனிலும் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

ஊதாச் சதுரம் மறுபடி அசைந்தது. இன்னொரு கட்டம் கீழே. இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது: 4,60,000. வளையல்?

மாமா கொத்துச்சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள" என்றார் குரலைத் தாழ்த்தி. "பழையபடி ஆக்கிரலாம்னு சொன்னியே?"

"ஷீட்டை ஆக்கலாம் மாமா" என்றேன்.