தொட்டியைக் கலைத்து அடுக்கிய நாட்கள்

ஜூன் 6

பெரிய ஏஞ்சல் மீன் இன்றும் சின்னதை விரட்டிக்கொண்டே இருந்தது. 4 அடி நீளம், 240 லிட்டர் தொட்டி. நாலு ஏஞ்சலுக்கு இடம் தாராளம். சிக்கல் வேறு. வலது மூலையில் கிடக்கும் மரக்கட்டையைப் பெரியது தன் எல்லையாக்கிக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கோடி வரை தெரியும், நடுவில் மறைப்பே கிடையாது. சின்னது எங்கே ஒதுங்கினாலும் அதன் கண்ணில் பட்டுவிடுகிறது. இடது மேல் மூலையில், ஹீட்டரை ஒட்டி, துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது பாவம். வால் நுனி கிழிந்திருக்கிறது. தீனி போட்டால் கடைசியாகத்தான் வருகிறது.

ஏஞ்சலும் சிச்லிட் என்ற மீன் குடும்பம்தான், எல்லை பிடிக்கும் குணம் கூடவே பிறந்தது. ஆனால் அமேசான் பக்கத்து ஆறுகளில் அது வாழும் இடம் வேர்களும் தண்டுகளும் நெட்டுக்குத்தாக நிற்கும் அமைதியான நீர். அந்தத் தட்டையான உடம்பு தண்டுகளுக்கு இடையே நழுவிப் போகத்தான். என் தொட்டியில் அப்படி நழுவிப் போக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கலைத்து அடுக்கப்போகிறேன்.

ஜூன் 8

காலையில் ஹீட்டரை அணைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரையே பெரிய வாளிகளில் பிடித்து மீன்களை மாற்றினேன். ஃபில்டரைத் தனி வாளியில் ஓடவிட்டேன். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. அது காயவும் கூடாது, இன்றைக்கு அதைக் கழுவவும் கூடாது.

மரக்கட்டைக்கு அடியில் மணல் கறுத்துப்போய், கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத மணலில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. மீன் உள்ளே இருக்கும்போது இதைக் கிளறுவது ஆபத்து. அந்த இடத்தை மட்டும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்தேன், மற்ற மணலைத் தொடவில்லை.

மரக்கட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தேன். பின்னால் நீள இலை நீர்ச்செடி வாலிஸ்நேரியா வரிசை, இடது பக்கம் இரண்டு அமேசான் ஸ்வோர்ட் செடிகள். அனுபியாஸ் செடியை நூலால் கட்டையில் கட்டினேன்; அதன் தடித்த கிழங்குத் தண்டு மணலுக்குள் போனால் அழுகிவிடும். தண்ணீர் தெளிந்து, சூடும் பழையபடி ஆனபிறகு மீன்களை விட்டேன். சின்னதை முதலில், பெரியதைக் கடைசியில். விளக்கு போடவில்லை.

அடிமணலில் மேயும் சின்னக் கெளுத்திகளான கோரிகள் இறங்கிய வேகத்திலேயே மீசையை மணலில் நுழைத்துத் தேட ஆரம்பித்துவிட்டன. சிவந்த மூக்குள்ள சின்ன மீன்களான ரம்மிநோஸ் டெட்ராக்கள் எல்லாம் ஒரே கொத்தாகப் பின் மூலையில். மூக்கின் சிவப்பு வெளிறி இளஞ்சாம்பலாகிவிட்டது.

பெரியது என்ன செய்தது தெரியுமா? நேரே வலது மூலைக்குப் போனது. கட்டை இருந்த இடத்தில் நின்றது. கண் மட்டும் இப்படியும் அப்படியும் சுழன்றது. கொஞ்சம் பின்வாங்கி, கண்ணாடியை ஒட்டி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. சாயங்காலம் வரை யாரையும் விரட்டவில்லை.

ஜூன் 9

தண்ணீரைச் சோதித்தேன்: அம்மோனியா 0, நைட்ரைட் 0. இந்த வாரம் முழுக்கத் தினமும் பார்ப்பேன், தீனியும் பாதிதான். டெட்ராக்களின் மூக்கு பாதி சிவந்திருக்கிறது. என் வரையில் அந்தச் சிவப்பு சோதனைக் குழாய்க்குச் சமம்: தண்ணீரோ மனநிலையோ கெட்டால் முதலில் மங்குவது அதுதான்.

ஜூன் 12

விரட்டல் திரும்ப வந்துவிட்டது. ஆனால் கவனித்துப் பார்த்தேன். பெரியது பாய்ந்தது, சின்னது கட்டையைச் சுற்றி வாலிஸ்நேரியாவுக்குள் நழுவியது, அவ்வளவுதான். பெரியது அங்கேயே நின்று தேடியது, பிறகு திரும்பிப் போய்விட்டது. போன வாரம் இதே துரத்தல் தொட்டியின் முழு நீளத்துக்கும் போயிருக்கும். கண் மறைந்தால் கோபமும் அடங்குகிறது. இன்னும் பெரிய தொட்டி வாங்கு என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. மறைப்பு வைத்துப் பார்த்துவிட்டு அதை யோசிக்கலாம் என்பேன்.

ஜூன் 17

எல்லைகள் ஓரளவு முடிவாகிவிட்டன. பெரியது மறுபடியும் கட்டையைத்தான் பிடித்துக்கொண்டது, ஆனால் அதன் வலது பக்கத்தை மட்டும். இடப்பக்கம் ஸ்வோர்ட் இலைகளுக்கு நடுவே சின்னது நிற்கிறது, துடுப்பை விரித்து. இன்று தீனிக்கு இரண்டாவதாக வந்தது. வால் நுனியில் புதிதாக வளரும் பகுதி கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிகிறது.

வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் உருகி மிதக்கின்றன. இடம் மாற்றினால் அது அப்படித்தான் செய்யும், வேர் பிடித்ததும் புது இலை விடும். உருகியதை மட்டும் எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றினேன். ஸ்பாஞ்சை அடுத்த வாரம், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே, லேசாகப் பிழிந்துகொள்ளலாம்.