பல்லுறுப்புக்கோவை உகப்பாக்கத்தில் ஆராய்ச்சி: எங்கே தொடங்குவது?

எம்.எஸ்ஸி. கணிதம் முடிக்கப்போகும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இயற்கணிதம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கணினியோடும் தொடர்பு இருக்க வேண்டும். எந்தத் துறைக்குப் போகலாம்?" நான் வேலை செய்யும் துறையையே தயங்காமல் சொல்வேன். ஒரு பல்லுறுப்புக்கோவையின் மிகச் சிறிய மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கீழே அது போகவே போகாது என்று நிரூபிக்கவும் வேண்டும். இங்கே வேலை அவ்வளவுதான்.

நிரூபிக்க எளிய வழி, கோவையிலிருந்து அந்த மதிப்பைக் கழித்து, மிஞ்சுவதை வேறு கோவைகளின் வர்க்கங்களின் கூட்டலாக எழுதிக் காட்டுவது. வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகாதே. அப்படியானால் குறை மதிப்பே எடுக்காத எல்லாக் கோவைகளையும் அப்படி எழுதிவிடலாமா? முடியாது என்று ஹில்பர்ட் 1888-இலேயே நிரூபித்துவிட்டார். ஆனால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படியான எடுத்துக்காட்டை மோட்ஸ்கின் 1967-இல்தான் வெளியிட்டார்:

அ⁴ஆ² + அ²ஆ⁴ + 1 − 3அ²ஆ²

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரிய புத்தகங்களைத் திறப்பதற்கு முன் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் மூன்று உறுப்புகளின் பெருக்குச் சராசரி அ²ஆ². கூட்டுச் சராசரி அதைவிடக் குறையாது என்பதால் கோவை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. சரி, வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? கோவையில் அ⁶ இல்லை. அதனால் எந்த வர்க்கத்துக்குள்ளும் அ³ இருக்க முடியாது. அ³ போனதும் அதே காரணத்தால் அ² போகும், அப்புறம் அ போகும். இப்படியே தள்ளிக்கொண்டு வந்தால் மிஞ்சுவது அ²ஆ, அஆ², அஆ, 1 மட்டும்தான். இவற்றை வைத்து அ²ஆ² கிடைக்க ஒரே வழி, அஆ-வை அதனாலேயே பெருக்குவது. அப்போது வரும் கெழு குறை எண்ணாகாது. நமக்கு வேண்டியதோ −3. ஆகவே முடியாது! ஆனால் இதே கோவையை அ² + ஆ² + 1 ஆல் பெருக்கிவிட்டால் வர்க்கங்களின் கூட்டலாகிவிடும். குறை மதிப்பு எடுக்காத எந்தக் கோவையையும் இப்படித் தகுந்த ஒன்றால் பெருக்கி வர்க்கங்களின் கூட்டலாக்கலாம் என்பதுதான் 1927-இல் ஆர்ட்டின் நிரூபித்த தேற்றத்தின் சாரம். அதை இந்த ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

நெட் தேர்வுக்கு இருபடி வடிவங்களைப் படிக்கும்போது பலரும் மதிப்பெண்ணுக்காக மேலோட்டமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியை விடாதீர்கள். ஐகன் மதிப்பு எதுவும் குறையாக இல்லாத சமச்சீர் அணிதான் எங்கள் அன்றாடக் கருவி. ஒரு கோவை வர்க்கங்களின் கூட்டலா என்ற கேள்வி, அப்படிப்பட்ட ஓர் அணி கிடைக்குமா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அதைக் கணினி தேடித் தரும். பரில்லோவின் 2000-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வும், லசேர் 2001-இல் எழுதிய கட்டுரையும் வந்த பிறகுதான் இந்த வழி பரவலானது.

சிக்கல் அணியின் அளவில் இருக்கிறது. 10 மாறிகள், படி 4 என்றால் 66 வரிசைகள். 30 மாறிகள், படி 6 என்றால் 5456. சாதாரணக் கணினி திணறிப்போகும். இயற்கணிதம் படித்தவருக்கு இங்கேதான் நிறைய வேலை இருக்கிறது. கோவையில் சமச்சீர் இருந்தால், குலங்களின் உருவகிப்புக் கோட்பாட்டை வைத்து அந்த அணியைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்துவிடலாம். எம்.எஸ்ஸி.யில் 'இது எதற்கு' என்று தோன்றிய பாடம் ஆராய்ச்சியில் நேரடியாகக் கைகொடுப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

கூடவே குவிவுப் பகுப்பாய்வு கொஞ்சம், பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளைக் கையாள உதவும் குரோப்னர் அடிப்படை கொஞ்சம் வேண்டும். ஜூலியா என்ற நிரல் மொழியைப் பழகிக்கொள்ளுங்கள். அது இலவசம், இதற்கான நிரல் தொகுப்பும் அதில் உண்டு. ஆனால் கணினி தருவது தசம எண்களில் தோராய விடை. அதைத் துல்லியமான விகிதமுறு எண்களாக மாற்றினால்தான் நிரூபணமாகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை சரிவராது என்றே சொல்வேன்.

வழிகாட்டியைத் தேடும்போது இயற்கணிதம், கணினிவழிக் கணக்கீடு இரண்டிலும் கட்டுரை எழுதுகிறவரா என்று பாருங்கள். வெளிநாடு போக நினைத்தால் ஜெர்மனியின் கோன்ஸ்டன்ஸ், பிரான்சின் துலூஸ் இரண்டும் இந்தத் துறையில் பெயர்பெற்றவை. பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது, 'உங்கள் ஆராய்ச்சியில் ஆர்வம்' என்ற ஒற்றை வரி போதாது. கீழே உள்ள கோவை குறை மதிப்பு எடுக்காது, ஆனால் வர்க்கங்களின் கூட்டலும் ஆகாது என்பதை நீங்களே நிரூபித்து, ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்:

1 + அ²ஆ² + ஆ²இ² + இ²அ² − 4அஆஇ