ஏஎஸ்டி 118, ஏஎல்டி 52

"குடிப்பீங்களா தம்பி?"

ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே கேட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. "பழக்கமே இல்ல மேடம்" என்றார். நான் "ம்ம்" என்றேன். உறுத்துவது கேள்வியல்ல, அந்த "ம்ம்".

கேட்க வேண்டிய கேள்விதான். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் கல்லீரலுக்காக ரத்தத்தில் பார்க்கும் நொதிகள். ஏஎல்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏஎஸ்டி இருந்தால் முதலில் மது நினைவுக்கு வருவது இயல்பு. குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறையும். அதனால் ஏஎல்டி அதிகம் ஏறாமல் அடங்கிவிடும். ஆனால் ஏஎஸ்டி தசையிலும் நிறைய இருக்கிறது. அவர் சாரம் கட்டுபவர். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததற்கு முந்தைய மூன்று நாளும் ஓடி, அதாவது ஓவர்டைம். இரும்புக் குழாய்களைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏற்றியிருக்கிறார். இதை அவராகத்தான் சொன்னார். உள்ளங்கை காய்ப்பை நான் பிரஷர் பார்க்கும்போதே கண்டிருந்தேன். கண்டும் கேட்கவில்லை.

பிறகு செய்ததில் குறை சொல்ல முடியாது. அதே ரத்தத்தில் தசை நொதியான சிகே, கல்லீரல் நொதியான ஜிஜிடி இரண்டையும் பார்க்கச் சொன்னேன். தசை அடிபட்டால் சிகே எகிறும், ஜிஜிடி அசையாது. ஜிஜிடி 21, சிகே 3,400. சிகேயின் வழக்கமான உச்ச வரம்பே இருநூறை ஒட்டித்தான். ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதா என்று கேட்டேன், இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, அதன்பின் மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றேன்.

"ஒரு வாரம் ஓடி இல்லேன்னா வீட்டுக்கு என்ன அனுப்புறது மேடம்?"

லைட் டியூட்டி எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சூப்பர்வைசரிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் ஏஎஸ்டி 36, ஏஎல்டி 41. ஏஎஸ்டி பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம், ஏஎல்டிக்கு 47. அதனால் ஓய்வுக்குப் பின் விகிதம் இப்படித் தலைகீழாவதுண்டு.

இனி வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்பது என்று முடிவு செய்தேன். அடுத்த மாதமே ஒருவர் வந்தார், ஏறக்குறைய அதே விகிதம். வேலை, தூக்கம், மருந்து, ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்து என எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மதுவைக் கேட்டேன். "பழக்கமில்ல." நம்பினேன். "தசையாலகூட இருக்கலாம், பயப்படாதீங்க" என்றும் சொல்லிவிட்டேன். அவருடைய சிகே சரியாக இருந்தது. ஜிஜிடி 290, பழைய ரத்தப் பரிசோதனையில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 104 என்று முன்பே பதிவாகி இருந்தது. இரண்டும் மதுவால் ஏறக்கூடியவை. நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ? அந்த "ம்ம்" அவருக்குத்தான் தேவைப்பட்டதோ? அப்படி நினைத்தால் முதலாமவரிடம் நடந்துகொண்டதற்கு நானே சமாதானம் தேடுவதாகவும் படுகிறது.

இரண்டாமவர் மறு பரிசோதனைக்கு வரவில்லை. கொடுத்த நம்பருக்கு இரண்டு முறை அடித்தோம், ரூம்மேட் எடுத்தார்.