ப்ளூஸ்-கெ-பார்ஃபே பழகுறேன்: ஒரு வெர்ப், ஒரு கதவு, ஒரு பூனை

ஃப்ரெஞ்ச்ல பாஸே கோம்போஸே (நடந்து முடிஞ்சது), எம்பார்ஃபே (நடந்துட்டு இருந்தது)னு ரெண்டு இறந்தகால டென்ஸும் ஓரளவு கைக்கு வந்தாச்சு, அடுத்த டென்ஸ் ப்ளூஸ்-கெ-பார்ஃபே. புக்ல இருக்கற மொத்த டேபிளையும் உருப்போடற வேலையே வேணாம்னு, ரெகுலரா போற ஒரே ஒரு வெர்ப், ஃபெர்மே, அதாவது சாத்துறது, அத மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு எல்லாத்தையும் அது மேலயே செஞ்சு பார்க்கறேன்.

டென்ஸ் என்ன சொல்லுதுங்கறதுல நமக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நடந்து முடிஞ்ச ஒரு விஷயத்துக்கும் முன்னாடியே முடிஞ்சது, அவ்ளோதான், "நான் வந்தப்போ அவ கதவ சாத்தியிருந்தா"ல வர்ற அதே 'இருந்தா'. பாடப்புத்தகம் எல்லாத்துலயும் இதுக்கு ஸ்டேஷனுக்கு லேட்டா போய் ட்ரெயின விட்டவன் கதைதான் உதாரணம், வேற யாருக்குமே எதுவும் லேட் ஆகாது போல.

கட்டறது சுலபம்: அவ்வார்ங்கற (இங்கிலீஷ் have) துணை வெர்போட எம்பார்ஃபே, பின்னாடி பார்ட்டிசிபிள், அதாவது மெயின் வெர்போட 'செஞ்சு முடிச்ச' வடிவம். ஜாவே ஃபெர்மே, தூ அவே ஃபெர்மே, இல் அவே ஃபெர்மே, நூ-ஸாவியோன் ஃபெர்மே, வூ-ஸாவியே ஃபெர்மே, இல்-ஸாவே ஃபெர்மே. 'இர்'ல முடியற ரெகுலர் வெர்ப்னா ஃபினீர் ஃபினி ஆகும், 'ஆர்-ஈ'ல முடியறதுனா வான்த்ர் வான்தூ ஆகும், முன்னாடி இருக்கற அவே அசையாது. நெகட்டிவ்ல ந-வும் பா-வும் அவேயத்தான் ரெண்டு பக்கமும் பிடிக்கும், ஜ நாவே பா ஃபெர்மே. தேஜாவும் (ஏற்கனவே) நடுவுலதான் உக்காரும், எல் அவே தேஜா ஃபெர்மே.

வாய்ல சொல்லிப் பார்த்தா ஆறு ஆளுக்கு மூணே சத்தம்தான், அவே, அவியோன், அவியே. எழுதறப்போதான் ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி, ஏ-ஐ-ஈ-என்-டினு ஒரே 'ஏ' சத்தத்துக்கு மூணு வால். (இந்த ஏ-ஐயே புதுசுதான், முன்னாடி ஓ-ஐனு எழுதிட்டு இருந்தாங்க. எழுத்தாளர் வால்தேர் எப்பவோ ஏ-ஐதான் சரினு சொல்லிட்டார், ஃப்ரெஞ்ச் அகாடமி ஒத்துக்கிட்டது 1835ல வந்த ஆறாவது பதிப்பு அகராதிலதான்.) போதாததுக்கு ஃபெர்மேங்கற வெர்பும் ஃபெர்மேங்கற பார்ட்டிசிபிளும் காதுக்கு ஒன்னு, பேப்பர்ல ஒன்னு 'ஈ-ஆர்'ல முடியும், இன்னொன்னு சாய்வா கோடு போட்ட ஈல முடியும். அதனால வாய்க்கு தனியா, கைக்கு தனியானு பிராக்டிஸ பிரிச்சுட்டேன். வாக்கிங் போறப்போ சத்தமா சொல்றது, ராத்திரி நோட்டுல எழுதறது, ரெண்டையும் கலக்கறதில்ல.

வாய் பிராக்டிஸ்ல ஒரு நல்ல விஷயம் மாட்டுச்சு. ஃபோன்ல ஃப்ரெஞ்ச் வாய்ஸ் டைப்பிங் போட்டு வெறும் எம்பார்ஃபேல "அவங்க சாத்திட்டு இருந்தாங்க"ங்கறத, இல் ஃபெர்மேனு, சொன்னா அது ஒருமையாவே டைப் பண்ணுது, பாவம் அது என்ன பண்ணும், ரெண்டும் ஒரே சத்தம். அதையே ப்ளூஸ்-கெ-பார்ஃபேல இல்-ஸாவே ஃபெர்மேனு சொன்னா கரெக்டா பன்மைல விழுது, ஏன்னா அவ்வாரோ, சில வெர்புக்கு அதுக்குப் பதிலா வர்ற எத்ரோ (இங்கிலீஷ் be), எதுவா இருந்தாலும் உயிரெழுத்து சத்தத்துலதான் ஆரம்பிக்கும், முன்னாடி இருக்கற எஸ் 'ஸ்'னு வாயத் திறந்துடும். இந்த விஷயத்துல எம்பார்ஃபேய விட இதுதான் காதுக்கு ஈஸி.

எத்ர் கூட்டத்துக்கு, அதாவது போ, வா, ஏறு, இறங்கு, பிற, சாவு மாதிரியான பதினஞ்சு சொச்சம் வெர்புக்கு, க்ளாஸ்ல எல்லாம் ஒரு வீடு படம் வரைஞ்சு மாட்டுவாங்க, எனக்கு அந்தப் படம் போதும். அதுல மாறி மாறிப் போற ஸோர்தீர் மட்டும் பார்த்துக்கணும்: நானே வெளிய போயிருந்தா ஜெத்தே ஸோர்தி, கார வெளிய எடுத்திருந்தா ஜாவே ஸோர்தி லா வுவாத்யூர்.

ரொம்ப ரசிச்ச இடம் 'ஸி', அதாவது இங்கிலீஷ் if. ஸி ஜாவே ஃபெர்மே லா போர்த், ல ஷா ந ஸெரே பா ஸோர்தி. கதவ சாத்தியிருந்தா பூனை வெளிய போயிருக்காது. பேச்சுத்தமிழ்ல அவ சாத்தியிருந்தாளுக்கும் சாத்தியிருந்தா-லுக்கும் கூட ஒரே சத்தம்தானே, அதனால ஸிக்கு அப்புறம் ப்ளூஸ்-கெ-பார்ஃபே வர்றது நமக்கு உறுத்தவே மாட்டேங்குது. ஃப்ரெஞ்ச் பசங்களே அங்க 'ரே' சத்தத்துல முடியற கண்டிஷனல, அதாவது 'போயிருக்காது'ல வர்ற மாதிரி வடிவத்த, போட்டுடுவாங்கனு ஸ்கூல்ல ஒரு வரி சொல்லித் தர்றாங்க, "லே ஸி நெம் பா லே ரே", ஸிக்கு ரேயப் பிடிக்காது. ஸினா ரம்பம், ரேனா திருக்கை மீன்னும் அர்த்தம் வரும், பசங்களுக்கு மறக்காது.

இப்ப நிக்கற இடம் அக்ரிமென்ட், அதாவது ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மைக்கு ஏத்த மாதிரி பார்ட்டிசிபிள் மாறறது. அவ்வாரோட வந்தா பார்ட்டிசிபிள் மாறாது, ஆனா செயப்படுபொருள் முன்னாடியே வந்துட்டா மாறும்: லா போர்த் கெல் அவே ஃபெர்மே, இங்க கடைசில இன்னொரு ஈ எழுதணும், ஏன்னா கதவு பெண்பால். 16ஆம் நூற்றாண்டுல க்ளெமான் மாரோங்கற கவிஞர் இத்தாலியனைப் பார்த்து இத எடுத்து சொன்னாராம், அவர் சும்மா இருந்திருக்கலாம். ரிஃப்ளெக்ஸிவ்ல, அதாவது தனக்குத்தானே செஞ்சுக்கற வெர்ப்ல, இன்னும் மோசம், எல் ஸெத்தே லாவேனு அவ குளிச்சிருந்தா ஈ சேரும், எல் ஸெத்தே லாவே லே மேன்னு கையக் கழுவியிருந்தா சேராது, கழுவப்பட்ட கை பின்னாடி வருது. இந்த வாரம் நோட்டுல கைய மட்டும்தான் கழுவிட்டு இருக்கேன்.